ஓமம் குடித்த தேயிலை

“காக், இது சக்கை. யாரோ எண்ணெயை வடித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.”

என் ஆய்வு மேற்பார்வையாளரான பெண்மணி மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். காக் என்றால் மலாயில் அக்கா. தன்னைவிட ஆறு வயது மூத்த மாணவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. நான் அவரை டாக்டர் என்பேன். மரியாதை கொடுப்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அன்று அவர் முகத்தில் மரியாதையோடு கொஞ்சம் இரக்கமும் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் இருவருக்கும் நடுவே மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று நின்றது. கீழே தண்ணீர், மேலே ஓம எண்ணெய். ஓமப் பொடியைத் தண்ணீரில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, வருகிற ஆவியைக் குளிரவைத்து இறக்கினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே வந்து நிற்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு சின்னப் பொட்டலத்தில் செய்து பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. அந்தக் கணக்குப்படி வரவேண்டியதில் பாதிகூட இந்த முறை வரவில்லை. முதலில் எடுத்த எண்ணெயைக் குளிரில் வைத்தால் அடியில் கற்கண்டு மாதிரிப் படிகம் கட்டும். இதில் படிகம் பார்க்கும் அளவுக்கு எண்ணெயே இல்லை.

அந்தச் சொட்டு எண்ணெயை நம்பித்தான் என் படிப்பு இருந்தது. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, இன்றும் அதே தோட்டத்தில் இருக்கிறவள். அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். எனக்குப் பக்கத்து மலை ஊரான தானா ராத்தாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. மற்றவர்கள் செய்யும் சோதனைகளுக்குக் குடுவை கழுவி வைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருஷம் கழுவிய பிறகு, ஒரு குடுவையையாவது நானே அழுக்காக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மலைக்குக் கீழே இருக்கும் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முதுகலை ஆராய்ச்சிக்குப் பதிந்தேன். பிரசவத்துக்காக ஒருமுறை நீட்டிப்பு வாங்கினேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது இன்னொருமுறை. மூன்றாவது கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாலும் கேட்பார், கோயிலில் தீபாராதனை நடக்கும்போதும் கேட்பார்: “என்னாம்மா, படிப்பு முடிஞ்சிருச்சா?” நல்ல மனசோடுதான் கேட்பார். எனக்குத்தான் உள்ளே எரியும். ஐந்து வருஷமாக “இன்னும் இல்லக்கா” என்று ஒரே பதிலைச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஓமத்தை ஏன் பிடித்தேன் என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை, திரிங்காப் ஊருக்குப் போகும் வழியில் ஒரு ஸ்ட்ராபெரி தோட்டத்தில் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பறித்த பழத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை ஏறிவிடும். ஒரு பழத்தில் பிடித்தால் பெட்டி முழுக்கப் பரவும். லோரி கீழே போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்த பெட்டிகளை அவள் குப்பையில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தன் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியதைத் தன் கையாலேயே கொட்டுவாள். ஓம எண்ணெய் பூஞ்சையை அடக்கும் என்று படித்திருந்தேன். பிள்ளைக்கு வயிறு உப்பினால் ஓமத் தண்ணி கொடுக்காத வீடு எங்கள் லைனில் இல்லை. இந்தச் சங்கதியைப் படித்தவுடன் இது எனக்கென்றே வைத்த வேலை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஓம எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்ட ஒரு கருவி இருக்கிறது. எண்ணெயை ஆவியாக்கி நீளமான குழாய் வழியாக ஓட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் நேரத்துக்கு வெளியே வந்து தாளில் ஒரு கூர்மையான மேடு வரைந்துவிட்டுப் போகும். ஓமத்துக்கு மூன்று பெரிய மேடு: பாரா-சைமீன், காமா-டெர்பினீன், தைமால். நான் என் வசதிக்கு அவர்களுக்குத் தோட்டத்துப் பதவி கொடுத்து வைத்திருந்தேன். தைமால்தான் தோட்டத்தையே ஆளுகிற துரை, மற்ற இருவரும் கணக்கெழுதும் கிராணியும் ஆள் மேய்க்கும் கங்காணியும். முன்னால் ஓடி வருவது கிராணியும் கங்காணியும்தான். துரை ஆற அமரக் கடைசியில் வருவார். பூஞ்சையைக் கொல்லுகிற அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில். கண்ணாடித் தட்டில் வளர்த்த சாம்பல் பூஞ்சை மேல் இந்த எண்ணெயின் ஆவி பட்டதும் அது அப்படியே அடங்கிப்போனதைப் பார்த்தபோது, பஸ்ஸில் மலை ஏறி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தட்டில் ஜெயித்தது பெட்டியில் ஜெயிக்கவில்லை. எண்ணெயைக் காகிதத்தில் சொட்டவிட்டுப் பழப்பெட்டிக்குள் வைத்தால், ஒன்றரை நாளில் வாசனை பறந்துவிடும், நாலாம் நாள் பூஞ்சை திரும்பி வந்துவிடும். கூடுதலாகச் சொட்டினால் பழத்தின் தோல் வெந்துபோகும். இந்தச் சிக்கலுக்குப் பல வழிகளைச் சோதித்துப் பார்க்கத்தான் பெரிய அளவில் எண்ணெய் எடுக்க நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அரைக்கும் எந்திரத்துக்கு எப்போதும் வரிசை. நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று, முதல் பொட்டலம் வாங்கிய அதே தானா ராத்தா மளிகைக்கடையில் ஓமம் வாங்கி, வீட்டு மிக்சியிலேயே அரைத்தேன். பள்ளியில் தேர்வு நேரம். ஒரு மாதம் கீழே போக லீவு கிடைக்காது என்று தெரிந்தது. மூடுபனியில் பொடி கட்டி தட்டிவிடுமே என்று, மெல்லிய துணியில் முடிந்து, தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலையைக் கொட்டி வைக்கிற பெரிய பிஸ்கட் டின்னுக்குள் புதைத்து வைத்தேன். எங்கள் லைனில் எல்லோரும் செய்வதுதான். தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு, கற்பூரம், தபால் தலை என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் வைப்போம்.

அந்தப் பொடியைத்தான் டாக்டர் சக்கை என்றார்.

“இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று தெரியும்தானே, காக்?” என்று கேட்டார். தெரியும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மளிகைக்கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு நாலு பேர் நின்றால் குரல் இன்னும் கூடும்.

“என்னா மாமா, எண்ண எடுத்த சக்கையக் கட்டிக் குடுத்திருக்கீங்க? என் படிப்பே போச்சி!”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே வராத மனுஷர். அது இன்னும் எரிச்சல்.

“நீ வாங்குன மூட்ட இன்னும் அங்கதான் கெடக்கும்மா. பாதிகூட விக்கல. ஒரு பிடி வாயில போட்டுப் பாரு.”

போட்டேன். பிடிவாதத்தில் பெரிய பிடியாகவே போட்டு நறநறவென்று கடித்தேன். நாக்கு மரத்துப்போய், மூக்கு வழியாக நெருப்பு ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஓமத்தை யாரும் அப்படித் தின்ன மாட்டார்கள். இருமலில் பேச்சு வரவில்லை. நின்றிருந்த நாலு பேரில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“என்னாம்மா, சக்க எப்படி இருக்கு?” என்று கேட்டார் கடைக்காரர்.

வெட்கத்தில் அதே மூட்டையிலிருந்து இன்னும் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடை ஓமம் நல்ல ஓமம். அப்படியென்றால் எண்ணெய் என் வீட்டில்தான் காணாமல் போயிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள வீடு வரை நடக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் வேலை. ஒவ்வொரு நாளும் வந்த தேயிலையைக் கோப்பை கோப்பையாக ஊறவைத்து அடுக்குவார். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரியவர்கள் வேலை. ஆனால் பத்து வருஷம் பக்கத்தில் நின்று அவர் நாக்கும் பழகிவிட்டது. வீட்டில் எந்தச் சாப்பாட்டுக்கும் வாயைத் திறக்காமல் உள்ளே தள்ளுகிற மனுஷர், டீக்கு மட்டும் தீர்ப்புச் சொல்வார். அன்று சமையலறையில் இருந்த சின்ன டப்பாவில் டீத்தூள் தீர்ந்திருந்ததால் பெரிய பிஸ்கட் டின்னைத் திறந்து டீ போட்டிருக்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே உர்ரென்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்து, தொட்டியில் துப்பும் சத்தம்.

“ரிஜெக்ட்!” என்றார். “டீயில என்னாத்தப் போட்ட?”

“நான் ஒண்ணும் போடல.”

“பொய் சொல்லாத லா. ஓமம் இது. எனக்கு மூக்கு இருக்கு.”

டின்னைத் தூக்கி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முகர்ந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலை வாசனையைக் குடிக்கும். இது எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், தலை நிறைய மல்லிகைப்பூவோடு இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். புதுப்பெண் மிடுக்கு. துரை வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பூவை எடுத்துவிட்டு உள்ளே போ என்று அவர் சொல்ல, மாட்டேன் என்று நான் சொல்ல, சாப்பாட்டுப் பாத்திரம் வாசல்படியில் ஆறிப்போனது. அந்தச் சண்டையில் ஊருக்கே தெரிந்த பாடம் அது. அப்படிப்பட்ட நான், வாசனை எண்ணெய்க்காகவே வாங்கிய ஓமத்தை, அரைத்து, மெல்லிய துணியில் கட்டி, தேயிலை நடுவில் ஒரு மாதம் படுக்க வைத்திருக்கிறேன். ஈரத்தை நினைத்தேனே தவிர வாசனையை நினைக்கவில்லை. அறிவு கெட்டவள், அறிவு கெட்டவள் என்று வாய்விட்டே என்னைத் திட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“சரி விடு. இதக் கொட்டிட்டு வேற டீ போடவா?” என்று டின்னோடு பின்பக்கம் நடந்தார்.

“தொடாதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் அவர் டின்னைக் கீழே போடாதது என் அதிர்ஷ்டம்.

ஓம முடிச்சை டின்னிலிருந்து எடுத்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து, எண்ணெய் வடிக்க என் முறை வருவதற்குள் பத்து நாள் ஆகிவிட்டது. அந்த டின்னின் மூடி நெளிந்தது, ஒருநாளும் ஒழுங்காக மூடாது. பத்து நாளாக வாசனை வெளியே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அப்படியும் ஒரு கோப்பை டீயில் பத்து வருஷத்து நாக்கு அதைக் கண்டுபிடித்துத் துப்புகிறது. என் காகிதத்தில் சொட்டிய எண்ணெய் ஒன்றரை நாள் தாங்கவில்லை. இதே எண்ணெயைத் தேயிலை பத்து நாளாகப் பிடித்து வைத்துக்கொண்டு, கஞ்சன் சில்லறை கொடுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எனக்கு வேண்டியது அந்தக் கஞ்சத்தனம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகள் தைத்து, நாத்தனார் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். முதலாளி சீனர், நல்லவர். தரம் குறைந்த பழமாக எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பெட்டி. நாலு பெட்டியில் ஒன்றும் வைக்கவில்லை. நாலில் வாசனை இல்லாத வெறும் தேயிலைப் பை. நாலில் ஓமம் குடித்த தேயிலைப் பை. பெட்டிக்கு மேல் எண் போட்டு, எது எது என்பதை அடியில் எழுதித் தாள் ஒட்டி மறைத்து, என் குறிப்பேட்டிலும் குறித்துக்கொண்டேன். மூடியைத் திறக்கவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது, மேலே தெரிகிறதை மட்டும் எண்ணு என்று நாத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எது எந்தப் பெட்டி என்று தெரிந்தால் அவள் எனக்காக நல்லதாகவே எண்ணிவிடுவாள்.

அவள் பையை விரலால் தூக்கிப் பார்த்தாள். “என்னா அண்ணி, ஸ்ட்ராபெரிக்கு வயித்து வலியா?”

“ஆமா. மூணு வேளை குடுக்கணும். போய் வேலயப் பாரு.”

அந்த வாரம் நான் பள்ளியில் உடைத்த குடுவைகளுக்குக் கணக்கில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவளிடமிருந்து ஒரே பதில்: “ஒண்ணும் இல்ல அண்ணி.” வியாழக்கிழமை நாலைந்து பெட்டியில் சாம்பல் ஏறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை நான் ஆய்வகத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அண்ணி, ஒண்ணு, நாலு, ஏழு, பத்து. இந்த நாலு பெட்டியும் அப்படியே செவப்பா இருக்கு லா! மத்ததெல்லாம் போச்சி. பூன முடி மாதிரி மொளச்சிருக்கு. அடியில என்னா எழுதியிருக்க?”

என் குறிப்பேட்டைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன். ஒன்று, நான்கு, ஏழு, பத்து. ஓமம் குடித்த நாலு பெட்டியும் அதே எண்கள். நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் தீயணைப்புக் குப்பியோடு ஓடி வந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மாலையே நாத்தனார் மண்ணைப் போட்டாள். பழத்தைக் கழுவித் தின்று பார்த்திருக்கிறாள். “நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா ஓமப்பொடியத் தேன்ல தொட்டுத் தின்ன மாதிரி இருக்கு. இத யாரு வாங்குவா?” அவள் சொன்னது நியாயம். தேயிலையின் அளவைப் பாதியாக்கினேன், பிறகு அதிலும் பாதியாக்கினேன். பழத்தில் வாசனை ஏறாமலும் பூஞ்சை அடங்கியும் இருக்கிற அளவைப் பிடிக்க இன்னும் மூன்று சுற்று ஆனது. வெறும் தேயிலையும் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. அதையும் மறைக்காமல் எழுதினேன். பூஞ்சை என்றைக்கும் வராது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. லோரி கீழே போய், பழம் கடைக்குப் போய், ஒருவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் வரை வராமல் இருந்தால் போதும். அதுவரை வரவில்லை.

நல்ல தேயிலையை இதற்குப் பாழாக்க எனக்கு மனசில்லை. தொழிற்சாலையில் சலித்து ஒதுக்குகிற செந்நிற நார் இருக்கிறது, யாருக்கும் வேண்டாத பொருள். வீட்டுக்காரர் துரையிடம் போய்க் கேட்டார். இப்போது இருப்பவர் வேறு துரை, இளைஞர், தமிழர்தான். “அக்கா என்ன செய்யப் போறாங்க?” என்று கேட்டிருக்கிறார். “ஓமம் குடுக்கப் போறாங்க சார்” என்று இவர் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டை அனுப்பிவிட்டார். வெட்கத்தில் வாங்கி வைத்த அரைக்கிலோ ஓமத்தில் இந்த முறை எண்ணெய் கொட்டியது. குளிர்பெட்டியில் வைத்ததும் படிகம் கட்டியது. அந்த எண்ணெயைத்தான் நாருக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் முதலில் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் அவர் வேலை. நாரை வாங்கி, அதிலிருந்து வருகிற ஆவியை அவரே கருவியில் ஓட்டினார். முதல் நாள் மூன்று மேடும் வந்தன. எட்டாம் நாள் ஓட்டியபோது கிராணியும் கங்காணியும் களைத்துப் படுத்துவிட்டார்கள். துரை மட்டும் நிமிர்ந்து நின்றார். டாக்டர் அந்தத் தாளை முதல் நாள் தாளின் மேல் வைத்து ஒப்பிட்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “காக்!” என்று கத்தினார். அவர் முகத்தில் இரக்கம் இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. பாதிகூட வராத அந்த எண்ணெயை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம் என்றார் டாக்டர். “அதைப் பார்த்தால் தேர்வாளர்கள் உங்களைத்தான் பிடிப்பார்கள். தேயிலை நார் எண்ணெயைத் தாங்கும் பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.” நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலைதான் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது. எழுதினால் முழுதாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் டின்னில் இருந்தது வரை எல்லாவற்றையும் எழுதினேன். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு போனேன். அந்த அறையில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. மூன்று தேர்வாளர்கள். வெளியிலிருந்து வந்தவர் வயதானவர், சிரிக்காத முகம். ஒரு மணி நேரம் எண்ணெயின் கூறுகளைப் பற்றிக் குடைந்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு அந்தப் பெரியவர் டாக்டர் பயந்த அதே பக்கத்தைத் திறந்தார். டாக்டர் மூலையில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாதிரியில் எண்ணெய் பாதிகூட இல்லை. யார் சேமித்து வைத்தது?”

“நான்தான்.”

“எங்கே?”

“என் வீட்டுத் தேயிலை டின்னில்.”

“நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று முன்னுரையில் இருக்கிறது. தேயிலை வாசனையை இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். மறந்துவிட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். “ஆக, இந்த ஆய்வின் முக்கியமான முடிவு தற்செயலாகக் கிடைத்தது.”

எனக்குக் காது சூடானது. கோபம் வந்தால் எனக்கு மலாய் நன்றாக வரும், ஐயா என்பதற்கான துவானும் சேர்த்து. “தப்புதான் தற்செயல், துவான். பன்னிரண்டு பெட்டி தற்செயல் இல்லை. அதற்குப் பிறகு வைத்த பெட்டிகளும் இல்லை” என்றேன்.

வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சு. சரத்திலிருந்து பூ ஒவ்வொன்றாக உதிர்ந்து மடியில் விழுந்துகொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கலாமே என்று மட்டும் நினைக்கவில்லை. கதவு திறந்து டாக்டர்தான் வந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அதிலிருந்து எனக்கு எதுவும் விளங்கவில்லை. பின்னால் அந்தப் பெரியவர் வந்து நின்றார்.

“சில எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. திருத்திக் கொடுங்கள். மற்றபடி எல்லாம் சரி” என்றவர், போகும்போது திரும்பி, “டின்னைப் பற்றிய பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடித்தது” என்றார். அப்போதுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

தானா ராத்தாவில் இறங்கியதும் மறுபடியும் மளிகைக்கடைக்குப் போனேன். இந்த முறையும் நாலு பேர் இருந்தார்கள், நல்லவேளை. “அன்னிக்கு நான் பேசுனது தப்பு மாமா. மன்னிச்சிருங்க. உங்க சக்க பாஸ் ஆயிருச்சி!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கண்ணையும் துடைத்தார்.

வீட்டில் நாத்தனார் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் பிஸ்கட் டின்னை இறக்கினேன். சோதனைக்கு எடுத்தது போக அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, நெளிந்த மூடியை டேப் ஒட்டி அடைத்து, அதன் மேல் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தேன். அதிலிருந்து அள்ளிப் போட்டு எல்லோருக்கும் டீ கலந்தேன். வீட்டுக்காரர் உர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, மேலே பார்த்து யோசித்தார்.

“ரிஜெக்ட்” என்றார். ஆனால் இந்த முறை துப்பவில்லை.

சத்தம் கேட்டு மூன்றாவது வீட்டு அக்கா வாசலில் எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே, வழக்கம்போல வாயில் அது வந்துவிட்டது.

“என்னாம்மா, படிப்பு முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சிக்கா” என்றேன். ஐந்து வருஷம் காத்திருந்து சொன்ன வார்த்தை. இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல இருந்தது. “முடிஞ்சிருச்சி!”

அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னா டீம்மா இது?”

“நான் படிச்ச படிப்பு இதான்க்கா.”

அக்கா டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினார்.